சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு வீட்டிலேயே ஆக்குபேஷனல் தெரபி: அங்கே என்னதான் நடக்கும்?

கேள்வி சுருக்கமாக இது. மூன்றரை வயது மகன் எட்டோ பத்தோ உணவுகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. புதிதாக ஒன்றைத் தட்டில் வைத்தாலே ஓங்கரிக்கிறான். போனில் கார்ட்டூன் ஓடினால்தான் நாலு வாய் உள்ளே போகிறது. வீட்டுக்கே வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவரை) பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் இருக்கும் ஊஞ்சலும் சாமான்களும் இல்லாமல் வீட்டில் அவர் என்ன செய்ய முடியும்? அதுவரை போனைக் காட்டியே ஊட்டலாமா?

நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் மகன் உங்களைச் சோதிப்பதற்காக இப்படிச் செய்யவில்லை. பசிக்கும்போது சாப்பிடுவது சுலபமாக இருந்தால் எந்தக் குழந்தையும் சாப்பிட்டுவிடும். சாப்பிடவில்லை என்றால் அந்த வேலையில் ஏதோ ஒரு படி அவனுக்குக் கடினமாக இருக்கிறது. எந்தப் படி என்று கண்டுபிடிப்பதுதான் தெரபியில் பாதி வேலை. அதைப் பார்ப்பதற்கு அவன் தினமும் சாப்பிடும் இடத்தைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் எது சாதாரணம், எது இல்லை என்பதைப் பார்த்துவிடலாம். குழந்தை ஒரு வயதுக்குள் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டாவது வருடத்தில் ஏறும் எடையோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். அதோடு இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை பழக்கமில்லாத உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கும். நேற்று ஆசையாகத் தின்றதை இன்று தள்ளிவிடுவதும், ஒரு வாரம் வாழைப்பழம் மட்டும் கேட்பதும் இந்த வயதின் இயல்பு. இந்தக் குழந்தைகள் சாப்பிடுவதைக் கணக்கெடுத்துப் பார்த்தால் முப்பது உணவுகளாவது தேறும். அலுத்துப்போய் விட்டதைச் சில வாரம் கழித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காதது தட்டில் கிடந்தாலும் அலறமாட்டார்கள்.

இன்னொரு வகை உண்டு. மொத்த உணவுகள் இருபதுக்கும் கீழே இருக்கும். ஒன்றை விட்டால் விட்டதுதான், திரும்ப வராது. அதனால் பட்டியல் சுருங்கிக்கொண்டே போகும். பழங்கள், மென்று தின்ன வேண்டியவை, ஈரமானவை என்று ஒரு வகை முழுவதுமே இருக்காது. புதிய உணவு பக்கத்தில் வந்தாலே அழுகை, ஓங்கரிப்பு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இந்தப் பக்கம் நிற்கிறான். "ஒரு நாள் பட்டினி போடுங்கள், தானாகச் சாப்பிடுவான்" என்ற அறிவுரை இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. பட்டினி கிடந்தாலும் சாப்பிட முடியாததை அவர்கள் சாப்பிடுவதில்லை, இன்னும் சோர்ந்துபோகிறார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

தெரபி தொடங்கும் முன் மருத்துவர் பக்கத்தில் சில விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் பசியே எடுக்காது. இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. இரும்புச்சத்துக் குறைவும் பசியைக் கெடுக்கும். வயிற்று அமிலம் மேலேறுவது, உணவு ஒவ்வாமை, வீங்கிய டான்சில், சொத்தைப் பல் எல்லாமே சாப்பிடுவதை வலியோடு சேர்த்துவிடும். 2019இல் பல துறை நிபுணர்கள் சேர்ந்து குழந்தைகளின் உணவு உண்ணும் கோளாறுக்கு ஒரு வரையறை கொண்டு வந்தார்கள். அதில் உடல்நலம், சத்து, உண்ணும் திறன், மனமும் குடும்பச் சூழலும் என்று நான்கு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முக்கியமாக மூன்றாவதையும் நான்காவதையும் பார்க்கிறவர். முதல் இரண்டையும் அவர் தலையில் கட்ட முடியாது.

எடை குறைகிறது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறது, சளிக் காய்ச்சலும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தெரபிஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். விழுங்குவதில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டும் அப்போது தேவைப்படுவார்.

சரி, வீட்டுக்கு வருகிறவர் என்ன செய்வார்? நல்ல தெரபிஸ்ட் முதல் நாள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து பார்ப்பார். மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எவ்வளவு பால், எவ்வளவு ஜூஸ் என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்வார். அப்புறம் வழக்கமான ஒரு சாப்பாட்டு நேரத்தில் வந்து, எப்போதும் போல நடக்கட்டும் என்பார். அன்றைக்காகப் புதுத் தட்டு எடுக்காதீர்கள், வீட்டை ஒழுங்குபடுத்தாதீர்கள். டிவி எப்போதும் ஓடுமென்றால் ஓடட்டும். கிளினிக்கில் எத்தனை சாமான் இருந்தாலும் கிடைக்காதது இதுதான்: அவனுடைய நாற்காலி, அவனுடைய கரண்டி, சமையலறையிலிருந்து வரும் வாசனை, தம்பியின் சத்தம், பின்னால் நின்று "இன்னும் ஒரு வாய்" என்கிற பாட்டி.

நான் பார்த்தவரை முதலில் மாற்றவேண்டியது பெரும்பாலும் உணவாக இருப்பதில்லை, உட்காரும் விதமாக இருக்கிறது. பெரியவர்களின் நாற்காலியில் கால் தொங்க, மேசை நெஞ்சு வரை உயர்ந்து நிற்க, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி எத்தனையோ குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். காலுக்குப் பிடிமானம் இல்லாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து நீங்களே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், உடம்பு எவ்வளவு அலைபாய்கிறது என்று தெரியும். விழாமல் உட்காருவதிலேயே உடம்பின் கவனம் போய்விட்டால் மெல்வதற்கும் விழுங்குவதற்கும் மிச்சம் குறைவுதான். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, பாதம் உறுதியாக எதன்மீதாவது படிந்திருக்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருந்தால் போதும். இதற்கென்று விலையுயர்ந்த நாற்காலி தேவையில்லை. காலடியில் ஒரு உறுதியான பெட்டி, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, வழுக்காமல் இருக்க இருக்கையில் ஒரு ரப்பர் விரிப்பு, இவையே பல வீடுகளில் போதுமானதாக இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பமாக இருந்தாலும் இதே கணக்குதான்: முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தட்டு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது புலன்கள். பெரியவர்களுக்கு ஒரு துண்டு தக்காளி என்பது தக்காளி, அவ்வளவுதான். தொடுவுணர்ச்சி கூடுதலாக இருக்கும் குழந்தைக்கு அது வழுக்கும் தோல், நடுவில் கூழ், பல்லில் படும் விதை, திடீரென்று வாய்க்குள் பீறிடும் புளிப்பு. ஒரே கடியில் நான்கு வேறு வேறு விஷயங்கள் வருவதால், அடுத்த கடியில் என்ன வரும் என்று அவனால் கணிக்க முடிவதில்லை. பாக்கெட் பிஸ்கட் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால்தான் அதை நம்புகிறான். இப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் கையில் பசையோ மணலோ ஒட்டினாலும் தாங்கமாட்டார்கள், சட்டையின் லேபிளைக் கத்தரிக்கச் சொல்வார்கள், பல் துலக்கவும் முடி வெட்டவும் போராட்டம் நடத்துவார்கள். தெரபிஸ்ட் இதையெல்லாம் கேட்பார், காரணத்தோடுதான் கேட்கிறார். இதற்கு நேரெதிர் வகையும் உண்டு. வாய்க்குள் உணவு இருப்பதே சரியாகத் தெரியாத குழந்தைகள் கன்னம் நிறைய அடைத்துக்கொள்வார்கள், காரமும் மொறுமொறுப்பும் தேடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி ஆகாது. புலன்களின் ஒருங்கிணைப்பு பற்றிய இந்தப் பார்வையை உருவாக்கியவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆனால் ஒன்று: உடம்பில் பிரஷ் தேய்ப்பது, எடை போட்ட மேல்சட்டை மாட்டுவது போன்றவை தனியாகவே உணவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உணவோடு பழகாமல் உணவுப் பழக்கம் மாறாது.

ஓங்கரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அது உடம்பின் பாதுகாப்பு ஏற்பாடு. சில குழந்தைகளுக்கு வாசனையோ பார்வையோ போதும், அது கிளம்பிவிடும். நடிப்பு இல்லை. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், கண் கலங்கும், பிறகு சரியாகிவிடும். மூச்சடைப்பு அப்படி அல்ல. அதில் பெரும்பாலும் சத்தமே வராது, இருமவோ அழவோ முடியாது, உதடு நீலமாகும். அப்போது உடனே முதலுதவி வேண்டும். இந்த வித்தியாசத்தையும் முதலுதவியையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான்கு வயது வரை முழு திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய சாசேஜ், கடினமான பச்சைக் கேரட் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

மூன்றாவது, வாய்க்குள் நடக்கும் வேலை. கடைவாய்க்கு உணவைத் தள்ளிக்கொண்டுபோக நாக்கு பக்கவாட்டில் நகர வேண்டும். தாடை மேலும் கீழும் மட்டுமல்லாமல் சுற்றி அரைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கும் இந்தப் பழக்கம் முழுதாகத் தேற இரண்டு மூன்று வருடம் ஆகும். இங்கிலாந்தில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான் கட்டியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகள் ஏழு வயதிலும் பழம், காய்கறிகளைக் குறைவாகவே சாப்பிட்டதாகத் தெரிந்தது. கடைந்து கூழாக்கிக் கொடுப்பதை அளவுக்கு மீறி நீட்டிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். உங்கள் மகன் இறைச்சியை வெகுநேரம் மென்று கடைசியில் துப்புகிறானா, ரொட்டியின் ஓரத்தை விட்டுவிடுகிறானா என்று கவனித்துவையுங்கள். பிடிக்கவில்லை என்று நாம் நினைப்பது பல நேரம் மெல்லத் தெரியவில்லை என்பதாகத்தான் இருக்கும்.

இவற்றைப் பார்த்த பிறகு வேலை தொடங்குகிறது. வாயில் போடுவது கடைசிப் படி. அதற்கு முன் நிறையப் படிகள் இருக்கின்றன: அந்த உணவு இருக்கும் அறையில் இருப்பது, அதே மேசையில் உட்காருவது, தன் தட்டில் அது இருக்கச் சம்மதிப்பது, கரண்டியால் நகர்த்துவது, முகர்வது, விரலால் தொடுவது, உதட்டில் வைப்பது, நக்கிப் பார்ப்பது, கடித்துத் துப்புவது, பிறகுதான் மென்று விழுங்குவது. அமெரிக்க உளவியலாளர் கே டூமி இந்தப் படிகளை விரிவாக வகுத்திருக்கிறார். உங்கள் மகன் தட்டிலிருப்பதைப் பார்த்தே ஓங்கரிக்கிறான் என்றால் அவன் இரண்டாவது, மூன்றாவது படியில் இருக்கிறான். நீங்கள் கேட்பதோ பத்தாவது படி. நடுவில் இருக்கும் தூரம்தான் தினசரிச் சண்டையாக வெளிப்படுகிறது. துப்புவதற்கு ஒரு சிறு கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வேன். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே விடுவதற்கு தைரியம் வரும். பல வீடுகளில் பெரியவர்கள் தயங்குவது இதற்குத்தான், ஆனால் நான் விட்டுக்கொடுக்காமல் வலியுறுத்துவதும் இதைத்தான்.

சமையலறை வேலையில் அவனைச் சேர்த்துக்கொள்வதும் இதில் ஒரு பகுதி. பட்டாணி உரிக்கட்டும், வெள்ளரியைக் கழுவட்டும், மாவில் கை வைக்கட்டும். சாப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லாத நேரத்தில் தொட்டுப் பழகுவது சாப்பாட்டு மேசையில் பழகுவதைவிடச் சுலபம். கரண்டி பிடிப்பது, விரல்நுனியால் சிறியதை எடுப்பது, பொத்தான் போடுவது போன்ற கைத்திறன்களையும் தெரபிஸ்ட் இதே வேலைகளுக்குள் கொண்டுவந்துவிடுவார். அதற்கென்று தனியாகப் பயிற்சித் தாள்கள் தேவைப்படாது.

புதிய உணவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அவன் சாப்பிடுவதிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. மெல்லிய உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிடுகிறானா? முதலில் அதே சிப்ஸ், பாக்கெட் இல்லாமல் கிண்ணத்தில். அப்புறம் வேறு கம்பெனியின் சிப்ஸ். அப்புறம் கொஞ்சம் தடிமனானது. அடுத்து நீளமாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்தது, பிறகு அதையே அடுப்பில் சுட்டது, கடைசியில் மென்மையாக வெந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாட்களோ வாரங்களோ ஆகலாம். சிப்ஸிலிருந்து நேராகக் கீரைக்குத் தாவினால் சிப்ஸையும் சேர்த்து இழக்க நேரிடும். அவன் நம்பும் உணவுக்குள் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் பட்டியலிலிருந்து அந்த உணவும் போய்விடும், மீதியிருக்கும் சிலவற்றில் ஒன்றை இழப்பது பெரிய நஷ்டம்.

பெற்றோர் பக்கம் மாற வேண்டியதும் உண்டு. வீட்டுத் தெரபியில் பெரும்பகுதி இதுதான், ஏனென்றால் தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பார், மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பொறுப்புப் பங்கீட்டை நான் எல்லா வீடுகளிலும் சொல்கிறேன்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவோ சிற்றுண்டியோ கொடுங்கள், நடுவில் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு முறையும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றாவது தட்டில் இருக்க வேண்டும். இருபது, முப்பது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவோடு நிறுத்துங்கள், அதற்குமேல் போனால் வயிற்றில் இடமும் இல்லை, இரும்புச்சத்தும் குறைகிறது. எடை ஏற்கெனவே குறைவாக இருந்தால் மட்டும் பாலைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, சில நேரம் "முடித்துவிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லப்பட்டபோது அவர்கள் குறைவாகக் குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றி மோசமாகவும் பேசினார்கள். கெஞ்சுவதும், "இதைத் தின்றால் சாக்லேட்" என்று பேரம் பேசுவதும் அழுத்தம்தான். அதற்குப் பதிலாக அந்த உணவைப் பற்றிப் பேசுங்கள். "இது கடித்தால் சத்தம் போடும்", "உள்ளே சில்லென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். ஒரு உணவு பழக்கமாக எட்டு முதல் பதினைந்து முறையாவது ஆகலாம், உங்கள் மகனைப் போன்ற குழந்தைக்கு அதைவிடவும் அதிகம். இரண்டாம் முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எப்படிப்பட்ட தெரபிஸ்டைத் தேர்வு செய்வது? தகுதியும் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள், உணவு உண்பதில் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்றும் கேளுங்கள், எல்லா ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பெற்றிருப்பதில்லை. வந்ததும் உங்களை வெளியே உட்காரச் சொல்கிறவர் வேண்டாம். கையைப் பிடித்து வாயைத் திறந்து கரண்டியைத் திணிக்கிறவரை அன்றே நிறுத்திவிடுங்கள், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி. போகும்முன் "இந்த வாரம் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள்" என்று ஒன்றிரண்டு விஷயங்களை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்தான் தேவை. முன்னேற்றத்தையும் சரியான அளவுகோலால் பாருங்கள். முதல் சில வாரங்களில் அவன் சாப்பிடும் அளவு மாறாது. ஓங்கரிப்பு குறைவது, மேசையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவது, புதியதைத் தொட்டுப் பார்ப்பது, இவைதான் முதலில் வரும். பல மாதம் ஆகியும் இவற்றில் ஒன்றுமே நகரவில்லை என்றால் திட்டத்தையும் மருத்துவப் பரிசோதனைகளையும் மறுபடி பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2013இல் மனநல வகைப்பாட்டில் சேர்க்கப்பட்ட உணவுத் தவிர்ப்புக் கோளாறு ஒன்றும் உண்டு. பயம் மிக அதிகமாக இருந்து எடையும் சத்தும் பாதிக்கப்பட்டால் உளவியலாளரும் சேர வேண்டியிருக்கும்.

கடைசியாக, போன். இப்போது அது அவனுக்கு உணவைப் பார்க்காமல் இருக்க உதவுகிறது, அதனால்தான் வாய் திறக்கிறது. பார்க்காமல், முகராமல், பசியையும் வயிறு நிறைந்ததையும் கவனிக்காமல் உள்ளே போகும் உணவோடு அவனுக்குப் பழக்கம் உண்டாகாது. ஆனாலும் நாளைக் காலையே பிடுங்கிவிடாதீர்கள், அவன் சாப்பிடும் கொஞ்சமும் நின்றுபோகும். எந்த வேளையில் அவனுக்கு நல்ல பசி இருக்கிறதோ, எந்த உணவு அவனுக்கு மிகவும் தெரிந்ததோ, அந்த ஒரு வேளையில் முதல் ஐந்து நிமிடம் போன் இல்லாமல் தொடங்குங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். தாங்கினால் நேரத்தை நீட்டுங்கள், பிறகு அடுத்த வேளைக்குப் போங்கள். மற்ற வேளைகளில் போன் இருந்தால் இருக்கட்டும், தெரபிஸ்ட் வரும் நாளில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.